இயல்பும் பிறப்பும்

வகுப்பில் அமர்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் கற்பிப்பது நீதியா? அன்றி, ஒவ்வொருவரின் இயல்பையும் அறிந்து வெவ்வேறு விதமாகக் கற்பிப்பது நீதியா? சமத்துவத்தில் நம்பிக்கை கொண்ட ஆசிரியர்களாகிய நாம் முன்னதையே நீதியென்று சொல்ல விரைகிறோம். ஒருவனுக்கு ஒரு விதி, மற்றவனுக்கு வேறு விதி என்பதை நாம் ஐயத்தோடு நோக்குவதற்குச் சரித்திர நியாயமும் உண்டு. எனினும், இந்த வினாவை இசை வகுப்பினுள் கொண்டுசென்று பார்த்தால் விடை அத்தனை எளிதன்று என்பது புலனாகும்.

கணிதத்திலே பின்தங்கிய பிள்ளையின் துன்பம் அப்பியாசக் கொப்பிக்குள் மறைந்துவிடக்கூடும். கொட்டும் கருவியில் எதுவும் மறையாது. தாளம் பிசகினால் அக்கணமே வகுப்பு முழுவதும் அறியும். ஒரு பிள்ளைக்குக் கை முந்தும், காது பிந்தும். மற்றொரு பிள்ளை தாளத்தை உள்ளத்தில் சரியாக எண்ணும், குச்சியோ சொற்கேளாது. கிட்டாரிலும் அப்படியே. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குத் தந்திகளின் வரிசையையே மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும். இவர்கள் எல்லோருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்துவிட்டுச் 'சமமாக நடத்தினேன்' என்று ஓர் ஆசிரியர் சொல்வாராயின், அது பல அளவுக் கால்களுக்கு ஒரே அளவுச் செருப்பை வழங்கியவனின் சமத்துவமே ஆகும்.

ஸ்கொட்லாந்தில் 1965ல் பிறந்த எவெலின் கிளெனி, 8 வயதளவில் செவிப்புலன் குன்றத் தொடங்கி, 12 வயதுக்குள் அதை ஏறத்தாழ முற்றாக இழந்தவர். அவருடைய தாளவாத்திய ஆசிரியர் ரொன் போர்ப்ஸ், முரசு முழங்கும்போது சுவரிலே கைகளை வைத்து அதன் அதிர்வை உணருமாறு அவருக்குப் பயிற்சியளித்தார். தாழ்ந்த ஒலியைக் காலிலும் உயர்ந்த ஒலியை முகத்திலும் கழுத்திலுமாக உணர்ந்து பிரித்தறிய அந்தச் சிறுமி கற்றாள். லண்டனிலுள்ள இராயல் இசைக் கழகம் முதலில் அவரை ஏற்க மறுத்துப் பின்னர் சேர்த்துக்கொண்டது. அவரோ உலகப் புகழ்பெற்ற தாளவாத்தியக் கலைஞரானார். ரோமா நாடோடி மக்களிடையே பிறந்த கிட்டார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இடக்கை விரல்களில் இரண்டு, 1928ல் நேர்ந்த தீ விபத்தில் பெரிதும் செயலிழந்தன. எஞ்சிய விரல்களுக்கேற்பப் புதியதொரு வாசிப்பு முறையையே அவர் கண்டுபிடித்தார். நூலில் உள்ள முறையொன்றே முறையென்று இவ்விருவரும் தடுக்கப்பட்டிருந்தால் உலகம் இழந்திருக்கக்கூடியது சிறிதன்று.

கற்பவன் எவ்வாறு ஏற்கிறானோ அதனை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு கற்பிக்க வேண்டுமென்று நன்னூல் செய்த பவணந்தியாரும் விதித்திருக்கிறார். ஆனால் அதே நன்னூல், மாணாக்கரை அன்னமென்றும் பசுவென்றும், மண்ணென்றும் கிளியென்றும், ஓட்டைக் குடமென்றும் எருமையென்றும் தலை, இடை, கடையாகத் தரம் பிரித்தும் வைக்கிறது. கற்பவனை அறிவது ஒன்று. அவன் நெற்றியில் முத்திரை குத்துவது மற்றொன்று. இரண்டும் ஒரே பாயிரத்தில் அருகருகே நிற்கின்றன. இங்கேதான் நாம் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

'அவனவன் இயல்புக்கேற்ப' என்னும் சொற்றொடர் நம் சமூகத்திலே நெடுங்காலம் அநீதிக்கு ஆயுதமாக இருந்துவந்தது. பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் தப்பு என்னும் கருவியின் கதையே இதற்குச் சான்று. மாசி மாதத்துக் காமன் கூத்துத் தப்பின்றி நடவாது. திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்பு வேண்டும். விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பொலியே. ஆயினும் அதை அடித்த கை தாழ்ந்த கையென்று கருதப்பட்டது. 'அவனுக்கு அது பிறவியிலேயே வரும்' என்று புகழ்வது போலச் சொல்லியே அவனைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். முதியங்கனை விகாரைப் பெரஹராவில் முழங்கும் மேளத்தின் வரலாறும் இதற்கு அயலானதன்று. சிங்களச் சமூகத்திலும் மேளம் கொட்டுதல் 'பெரவா' என்னும் சாதியாரின் பரம்பரைக் கடமையாக ஒதுக்கப்பட்டிருந்தது.

தோட்டப் பிள்ளையின் கல்வியும் இதே வாதத்தால் குறுக்கப்பட்டது. கொழுந்து பறிக்கப் பிறந்த கைக்கு எழுத்து எதற்கு என்பதே துரைமாரின் எண்ணமாயிருந்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டங்களில் பாடசாலை நடத்தும் பொறுப்பை நிர்வாகங்களின் மீது சுமத்தியது. ஆயினும் அங்கே கிடைத்தது தொடக்கக் கல்வியின் சிறு துண்டே. 1945ல் இலவசக் கல்வி நாட்டில் நடைமுறைக்கு வந்த பின்னரும் தோட்டப் பாடசாலைகள் அதன் ஓரத்திலேயே நின்றன. 1970களிலேதான் அவற்றை அரசு பொறுப்பேற்றது.

ஆகவே நாம் பிரித்தறிய வேண்டியது இயல்பையும் பிறப்பையும். பிறப்பைக் கொண்டு செய்யும் தீர்ப்பு, பிள்ளை வகுப்பினுள் நுழையுமுன்பே எழுதி முடிக்கப்பட்டது. இயல்போ கற்பிக்கும்போது மட்டுமே வெளிப்படுவது. இன்று கண்டதை நாளை திருத்திக்கொள்ள வேண்டியது. போர்ப்ஸ் தம் மாணவியின் செவிட்டுத்தன்மையை அறிந்தார். ஆனால் 'உனக்கு இசை வேண்டாம், ஓவியம் போதும்' என்று தீர்க்கவில்லை. அவ்வறிவைக் கொண்டு அதே இசைக்கு வேறொரு வழி திறந்தார். ஆசிரியர் பிள்ளையைப் பற்றி அறிந்தது கதவைத் திறக்கிறதா, அடைக்கிறதா என்பதே உரைகல்.

'நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், வாத்தியமோ இல்லை. தனித்தனியே கவனிப்பது நகரத்தில் பணம் கட்டிக் கிட்டார் பயிலும் பிள்ளைகளுக்கன்றோ இயலும்?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அதிலிருந்து பிறக்க வேண்டிய முடிவு, ஏழைப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு வேண்டாமென்பதன்று. ஆசிரியரும் கருவியும் அவனுக்கும் வேண்டுமென்னும் கோரிக்கையே. தன் முகத்தையும் கையையும் அறிந்த ஓர் ஆசிரியர் கிடைப்பது விலைக்கு வாங்கும் சுகமாக இருக்கும்வரை நம் இலவசக் கல்வி அரைக் கல்வியே.

அக்கோரிக்கை நிறைவேறும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. தப்பு ஒருமுகக் கருவி; நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கி, நீண்ட மெல்லிய குச்சி ஒன்றும் குறுகிய தடித்த குச்சி ஒன்றுமாகக் கொண்டு அடிப்பது. நான்கு தப்புகள் கிடைத்தால், கை வராத பிள்ளை அடிப்படை நடையைப் பிடிக்கட்டும். கை வந்த பிள்ளை அதன்மேல் அடவு கட்டட்டும். பாட்டு ஒன்று, பங்கு வேறு, மதிப்பு ஒன்று. அடுத்த மாதம் பங்குகள் மாற வேண்டும்; மாறாவிடில் அங்கேயும் ஒரு சாதி முளைத்துவிடும். கூத்துக் களத்தில் ஆண்களின் கையிலேயே இருந்துவந்த குச்சி பெண் பிள்ளைகளின் கைக்கும் வர வேண்டும். கருவிக்குக் கௌரவம் வரும் நாளில், அதை இதுவரை காத்துவந்த தோட்டத்து முதியவர் வெளியே நிற்கலாகாது. அவரையே வகுப்பினுள் ஆசிரியராக அழைத்து, உரிய ஊதியமும் வழங்க வேண்டும்.

லயத்துப் பிள்ளை கிட்டார் ஏந்துவதும், நகரத்துப் பிள்ளை தப்பு ஏந்துவதும், இருவரையும் அவரவர் கையறிந்து ஓர் ஆசிரியர் வழிநடத்துவதும் அரிய கனவுகள் அல்ல. அவற்றுக்கு வேண்டியவை சில கருவிகள், சில ஆசிரியர்கள், அவற்றை உரிமையாகக் கேட்கும் துணிவு.