விமர்சனமும் அவை நாகரிகமும்

இலக்கியக் கூட்டங்களில் நாகரிகம் பேணப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எது நாகரிகம், அதைத் தீர்மானிப்பவர் யார் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலும் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்திலும் நூல் வெளியீடுகள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். ஆய்வுரை என்ற பெயரில் மேடையில் பெரும்பாலும் பாராட்டுரையே நிகழும். கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பையுடன் வாசலுக்கு வந்த பின்னரே விமர்சனம் பிறக்கும். நூலைப் பற்றித் தொடங்கும் அப்பேச்சு எழுதியவரின் ஊர், குடும்பம், தொழில் என்று போய் முடியும். சபையில் காத்த மௌனத்தை நாகரிகம் என்கிறோம். வாசலில் பேசியது புறம் என்பதை மறந்துவிடுகிறோம்.

நாகரிகத்தின் பெயரால் அநீதியும் நடந்ததுண்டு. 1960களின் தொடக்கத்தில், கதைகளில் பேச்சுமொழியைக் கையாண்டதைப் பண்டிதர் சிலர் 'இழிசனர் வழக்கு' என்று பழித்தனர். மரபுப் போராட்டம் எனப்பட்ட அவ்விவாதத்தில் பங்கேற்றவர்களுள் எமது சுபைர் இளங்கீரனும் ஒருவர்; 'தேசிய இலக்கியமும் மரபுப் போராட்டமும்' என்று பின்னர் நூலே எழுதினார். அன்று அத்தடை வென்றிருந்தால் எமது வீடுகளின் 'உம்மா'வும் 'வாப்பா'வும் சிறுகதைக்குள் வந்திருக்குமா?

அதே காலத்தில்தான், 1963இல், யாழ்ப்பாணத்தில் நடந்த சாகித்திய விழாவில் கூழ்முட்டை வீசப்பட்டது. கருத்துக்கு மறுகருத்துச் சொல்லலாம். முட்டைக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே கடுமையையும் இழிவையும் பிரித்தறிய வேண்டும். 'இந்நாவலின் பின்பாதி தோல்வி' என்பது கடுமையானது. ஆனால் அதில் அநாகரிகம் எதுவுமில்லை. 'இவருக்கெல்லாம் எதற்கு எழுத்து?' என்பதைப் புன்னகையோடு சொன்னாலும் அது இழிவுதான். தலைமை வகிப்பவர் தடுக்க வேண்டியது இரண்டாவதை மட்டுமே.

தலைவரோ பெரும்பாலும் நூலாசிரியரின் நண்பர். அவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் முதலாவதும் அடைபட்டுப் போகும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு இரண்டு நிபந்தனைகள் போதுமென எண்ணுகிறேன். வரம்பு மீறும் தன் நண்பரையும் அவர் அதேபோல் தடுக்க வேண்டும். தடுக்கப்பட்டவருக்கு, நூலைப் பற்றித் தொடர்ந்து பேச மீண்டும் இடமளிக்க வேண்டும்.

இமாம் ஷாஃபியுடன் வாதிட்டுப் பிரிந்தவர் யூனுஸ் அஸ்ஸதஃபீ. பின்னர் அவரைச் சந்தித்த இமாம் கையைப் பற்றிக்கொண்டு, ஒரு விடயத்தில் உடன்படாவிட்டாலும் நாம் சகோதரர்களாக இருக்கலாம் அல்லவா என்ற கருத்தில் கேட்டதாக அறிவிக்கப்படுகிறது. வாதிட்டதே தவறு என்று அவர் சொல்லவில்லை. கருத்து வேறுபாடு உறவை முறிக்க விடவில்லை, அவ்வளவுதான்.

இத்தகைய உறவில் நம்பிக்கை இருந்தால், வாசலில் சொல்வதைச் சபையிலேயே, எழுதியவர் முன்னிலையில், அவர் பதில் சொல்லக்கூடிய விதத்தில் சொல்லலாம்.