நம்புதல் யாருடைய கடமை?

சிறு பருவத்தில், தம்மைக் காக்க வேண்டியவர் கையாலேயே கொடுமைக்கு ஆளான ஒருவர், வளர்ந்தபின் பிறரிடத்தில் அன்பும் நம்பிக்கையும் கொள்ள இயலுமா? இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றைக் கீழே கூறுவோம். ஆயினும் அதற்கு முன்னர் ஆராயத்தக்க வேறொரு வினா உண்டு. அங்ஙனம் நம்புதல் அவருடைய கடமையா? நம்ப மறுத்தால் அது அவர்பால் குற்றமாகுமா? நம் குடும்பங்களில் இவ்வினாவிற்குப் பெரும்பாலும் சிந்தியாமலே விடை கூறப்படுகின்றது. பழையதை மறந்துவிடு, எல்லாரும் அப்படியா இருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, சொன்னவர் தம் கடமை தீர்ந்ததென எழுந்து போய்விடுகின்றார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பது நம் பழமொழி. இதைச் சொல்வோர் பூனையின் பேதைமையை எண்ணி நகைப்பதுண்டு. ஆனால் பூனை செய்தது பேதைமையன்று. அது ஒன்றைக் கற்றுக்கொண்டது. மேலும் அதற்கு ஒரு வசதி உண்டு. அடுப்பு எங்கே இருக்கின்றது என்று அதற்குத் தெரியும்; வீட்டின் மற்ற மூலைகளில் அது அச்சமின்றி உறங்கலாம். நாம் பேசுகின்ற குழந்தையைச் சுட்டதோ அடுப்பன்று, மடி. எது அடைக்கலம் என்று சொல்லப்பட்டதோ அதுவே தீயாயிற்று. ஆகவே விலகி நிற்க வேண்டிய எல்லை எது என்பதை அறிய அக்குழந்தைக்கு வழியில்லை. வளர்ந்தபின் கடுமையாகப் பேசுவோரைக் காட்டிலும் கனிவாகப் பேசுவோரைக் கண்டே அவர் மிகுதியும் அஞ்சுவாராயின் அதில் வியப்பென்ன? கொடுமை செய்தவனும் கனிவாகத்தானே பேசினான்!

இஃது எங்கோ அரிதாக நிகழ்வதென்று எண்ணுவோர் இன்னும் உளர். இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரில் கேட்டறிந்த ஆய்வு அது. அவர்களுள் 53 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகக் கூறினர். கொடுமை செய்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்கும் பொறுப்பிற்கும் உரிய நிலையில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் சொல்லவில்லை. ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ ஈடாகவே பாதிக்கப்பட்டிருந்தனர். ஆண்பிள்ளைக்கு என்ன நேர்ந்துவிடும் என்னும் மெத்தனம் நம்மிடையே வலுத்திருப்பதால் இதனை எடுத்துரைக்கின்றோம்.

இத்துயரினின்று மீண்டு, அதனை உலகறிய எழுதியவர்களுள் ஒருவர் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரான மாயா ஆஞ்சலோ. 1928ஆம் ஆண்டிற் பிறந்த அவர், மூன்று வயதில் தம் அண்ணனோடு ஆர்க்கன்சாஸ் மாநிலத்து ஸ்டாம்ப்ஸ் என்னும் சிற்றூருக்குப் பாட்டியிடம் அனுப்பப்பட்டார். பின்னர்ச் சில காலம் செயின்ட் லூயிஸ் நகரில் தாயோடு வாழ்ந்தபொழுது, ஏறத்தாழ எட்டு வயதில், தாயின் நண்பனால் வன்கொடுமைக்கு ஆளானார். அண்ணனிடம் உண்மையைச் சொன்னார். வழக்கு நடந்தது, தண்டனை பெற்ற அம்மனிதன் விரைவிலேயே வெளியே வந்தான், வந்த சில நாட்களில் கொல்லப்பட்டான். தான் வாய் திறந்து சொன்ன சொல்லே ஓர் உயிரைப் போக்கிற்று என்று அச்சிறுமி முடிவு செய்தாள். ஏறக்குறைய ஐந்தாண்டுகள், அண்ணனைத் தவிர எவரோடும் பேசாதிருந்தாள். குற்றம் செய்தவன் ஒருவன், குற்றவுணர்வைச் சுமந்தவள் மற்றொருத்தி. இக்கொடுமையின் இயல்பே இதுதான்.

பாட்டியின் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அவளுக்கு அங்கே வாய்த்தவர் பெர்த்தா ஃபிளவர்ஸ் என்னும் அம்மையார். அவர் செய்தது என்ன? தம் வீட்டிற்கு அழைத்தார். பலகாரமும் எலுமிச்சைப் பானமும் தந்தார். டிக்கன்ஸ் எழுதிய நாவலொன்றை உரக்கப் படித்துக் காட்டினார். நூல்களைக் கொடுத்து, வாய்விட்டுப் படித்துவரச் சொல்லியனுப்பினார். அவ்வளவே. என்ன நடந்தது என்று துருவவில்லை. பேசியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. தன்னை நம்பும்படியும் கேட்கவில்லை. இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய தங்கை என்பதற்காக அன்றித் தன் பொருட்டாகவே ஒருவர் தன்னை விரும்பினார் என்பதே அச்சிறுமிக்குப் பெரும் பேறாகத் தோன்றியது. 1969இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவர் இதனை விரித்துரைக்கின்றார்.

தாயோடு உறவு சீர்படுவதற்கு இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. பதின்மூன்று வயதளவில் மீண்டும் தாயிடம் சென்றபொழுது, அம்மா என்றழைக்க மாயாவுக்கு நா எழவில்லை. சீமாட்டி என்னும் பொருள்படும் சொல்லாலேயே அழைத்தார். தாயும் அதற்கு இசைந்தார். இவ்விசைவை நாம் சிறியதாக மதிப்பதற்கில்லை. பெற்றவள் என்னும் உரிமையை முன்னிறுத்தி அச்சொல்லைப் பிடுங்கி வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. அவ்வுறவு மெல்ல மெல்ல மலர்ந்த வரலாற்றை மாயா தம் முதுமையில், 2013ஆம் ஆண்டில், ஒரு தனி நூலாகவே வெளியிட்டார். மறுவாண்டு அவர் மறைந்தார்.

ஒருவர் வரலாறு எல்லார்க்கும் பொருந்துமா என்று கேட்பின், அதற்கும் விடை உண்டு. ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டிற் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் உளவியலறிஞரும் அவருடன் உழைத்தோரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் குடிப்பழக்கம் ஆகிய பல இன்னல்கள் சூழப் பிறந்தோருள் மூன்றிலொரு பங்கினர் திறமையும் பரிவும் உடையோராய் வளர்ந்தனர். அவர்கட்குப் பொதுவாக அமைந்தவற்றுள் ஒன்று, பாட்டியோ ஆசிரியரோ அயலவரோ ஒருவரேனும் மாறாமல் உடன் நின்றமை. இவ்வாய்வு பாலியல் கொடுமையை மட்டும் குறித்ததன்று. எனினும் ஒன்று காட்டுகின்றது: எஞ்சிய இரு பங்கினர் மனவலிமை அற்றவர்கள் என்று சொல்ல இதில் இடமில்லை. அவர்களுள்ளும், இளமையில் தடுமாறிய பலர் நடுவயதிற்குள் நிலைபெற்றனர். நல்ல துணையோடு அமைந்த திருமணம் அதற்குரிய காரணங்களுள் ஒன்று.

திருமணம் என்றதும், அத்தகைய துணைவர் செய்யத்தக்கது யாது என்னும் கேள்வி எழுகின்றது. நான் வேறு, அவன் வேறு; என்னை ஏன் நம்பவில்லை என்று சினப்பவர், தம்மை அறியாமலே பழைய கொடியவனின் வழக்கைப் பேசுகின்றார். அவனும் என்னை நம்பு என்றே சொன்னான். சொல்லால் ஏமாற்றப்பட்டவர்க்குச் சொல் சான்றாகாது, நடத்தையே சான்று. வருவேன் என்ற நேரத்தில் வருதல், வேண்டாம் என்ற பொழுது முகம் சுளியாமல் நிறுத்துதல், சொல்லப்பட்டதைப் பிறரிடம் சொல்லாதிருத்தல், சொல்லப்படாததைக் கேளாதிருத்தல் ஆகிய இச்சிறு செயல்கள் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப நிகழ வேண்டும். இடையில் ஒருநாள் காரணமின்றி அச்சம் திரும்பி வரும். அன்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இது நியாயமா என்று துணைவர் கேட்கலாம். நியாயமன்றுதான். ஆனால் அநியாயத்தைச் செய்தவர் அருகிலிருக்கும் மனைவியோ கணவனோ அல்லர்.

இனி, மன்னிப்பைப் பற்றி. நம்மவருள் சிலர் மைத்திரியின் பெயரால், கொடுமை செய்தவனையும் நேசிக்க வேண்டும் என்று பாதிக்கப்பட்டவரை நெருக்குகின்றனர். புத்தகோசர் தம் விசுத்திமார்க்கத்தில் மைத்திரி பாவனையின் வரிசையைக் கூறுமிடத்து, பகைவனிடத்திலிருந்து தொடங்கலாகாது என்றே விதிக்கின்றார். முதலில் தன்னிடத்தில், அதன்பின் தான் மதித்துப் போற்றும் ஆசான் போன்றவரிடத்தில், பகைவன் வருவது கடைசியில். முதற்படியில் நிற்கவே தத்தளிக்கின்ற ஒருவரை, தானே குற்றவாளி என்றெண்ணித் தன்னையே வெறுக்கின்ற ஒருவரை, கடைசிப் படிக்கு ஏறச் சொல்லுவது எந்த நெறி? அன்றியும் மைத்திரி வேறு, நம்பிக்கை வேறு. பிறர் நலத்தை விரும்புதல் மைத்திரி. பிறர் கையில் தன்னை ஒப்படைத்தல் நம்பிக்கை. ஒருவன் துன்பமின்றி இருக்கட்டும் என்று எண்ணுகின்ற அதே உள்ளம், அவன் இருக்கும் வீட்டில் ஓர் இரவும் தங்க மறுக்கலாம். இதில் முரண்பாடு யாதுமில்லை.

2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் இக்கடமையை எவர் தோளில் வைக்கின்றது என்பதும் கருதத்தக்கது. 18 வயது நிரம்பாத ஒருவர்க்கு இக்கொடுமை நேர்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்கு அறிவித்தல் வேண்டும், அறிவியாமை தண்டனைக்குரியது. அத்தண்டனையிலிருந்து குழந்தைக்கு மட்டும் விலக்குண்டு. குடும்ப மானம் என்று சொல்லி வாய்மூடியிருக்கும் பெரியோர்க்கு அவ்விலக்கு இல்லை. 1098 என்னும் தொலைபேசி எண்ணைக் குழந்தையும் அழைக்கலாம், பெரியவரும் அழைக்கலாம், கட்டணமில்லை. ஆனால் அவ்வெண்ணை அழைப்பதற்கு முன்பே, அக்குழந்தை வீட்டிலுள்ள ஒருவரிடம் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்திருக்கும். அப்பொழுது கேட்பவர் செய்யும் வேலையை விட்டு அருகில் அமர்ந்து, ஏன் முன்பே சொல்லவில்லை என்று வினவாமல், முழுவதையும் கேட்டு, நீ சொல்வதை நான் நம்புகின்றேன் என்று சொல்ல வேண்டும். முதலில் நம்ப வேண்டியவர் அவரே.