மடியில் அடங்கும் ஆட்டம்

குஜிலியம்பாறை போன்ற மானாவாரிப் பகுதிகளில் ஆடு மேய்ப்போர்க்கு ஆடுபுலி ஆட்டம் புதியதன்று. பலகை வேண்டியதில்லை, பாறைமேல் கரித்துண்டால் கோடு கிழித்தால் போதும். 23 முனைகள், 3 புலிகள், 15 ஆடுகள். மடியில் முடிந்துகொள்ளும் 18 கற்களில் எல்லாம் அடங்கிவிடும். தாயத்தைப்போல் இங்கே எதையும் உருட்டுவதில்லை. ஆகவே தோற்றவர் விதியைப் பழிக்க வழியுமில்லை. காசு செலவின்றி அறிவை மட்டுமே முதலாகக் கேட்பதால் அன்றோ இது நம்மை ஈர்க்கிறது!

ஆட்டால் புலியை வெட்ட இயலாது. தனித்து நிற்கும் ஆட்டைத் தாண்டி வெட்டும் புலியோ, ஒரே கோட்டில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டைத் தாண்ட இயலாது. இவ்வாறு ஒட்டி நின்று, மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைப்பதே ஆடுகளின் வெற்றி. எளியோர் கூடி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

எனினும் ஒரு கேள்வி நம்மை உறுத்துகிறது. தேர்ந்த ஆட்டக்காரர் ஓர் ஆட்டைப் பலிகொடுத்துப் புலியைப் பொறிக்குள் இழுப்பார். ஆட்டத்தில் அது உத்தி. பலர் நலனுக்காகச் சிலர் போகட்டும் என ஊர்க் காரியங்களிலும் நாம் எளிதாய்ப் பேசிவிடுகிறோம். வெட்டுண்ட கல் அடுத்த ஆட்டத்தில் மீண்டும் களமிறங்கும்; மனிதருக்கு அடுத்த ஆட்டம் ஏது? கணக்கிடும் கூர்மையை ஆட்டம் கற்பிக்கட்டும். எவரையும் கல்லாக எண்ணாத அறத்தை நாம்தாம் கற்றுக்கொள்ள வேண்டும்.