முடிந்தது என்னும் சொல்

ஒரு வேலை முடிந்தது என்று எழுதும் உரிமை யாருக்கு உண்டு? அதனைச் செய்தவருக்கா, செய்வித்தவருக்கா, அன்றி அதன் பயனை நம்பி வாழ்பவருக்கா? வினா பழையதுதான். எனினும், செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கென இன்று எழுதப்படும் கருவிக் குறிப்புகளைப் படிக்கும்போது அது புதிய வலிமையோடு எம்முன் வந்து நிற்கின்றது.

முகவர் என்று நாம் இங்கே கூறுவது, கேட்டதற்கு விடை சொல்வதோடு நில்லாமல், கோப்புகளைத் திறந்தும் நிரல்களை எழுதியும் அவற்றை இயக்கிப் பார்த்தும், பல படிகள் கொண்ட ஒரு வேலையைத் தானே நடத்திச் செல்லும் மொழி இயந்திரத்தையாகும். நீண்ட வேலையில் அது நெறி தவறாதிருக்கும்பொருட்டு ஒரு பணிப்பட்டியலும், அப்பட்டியலை இற்றைப்படுத்தும் கருவியொன்றும் அதனிடம் கொடுக்கப்படுகின்றன. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2025 இல் வெளியிட்ட கிளோட் கோட் என்னும் மென்பொருளில் இத்தகைய கருவி உண்டு. ஒவ்வொரு பணிக்கும் மூன்று நிலைகள்: காத்திருப்பது, நடைபெறுவது, முடிந்தது.

சாதாரணக் கைந்நூலை மனிதர் படிப்பர். இயந்திரம் அதனை அறியாது. இங்கோ நிலைமை தலைகீழ். கருவியின் பெயர், அது ஏற்கும் விவரங்களின் அட்டவணை, சில பத்திகளில் அமைந்த விளக்கவுரை ஆகியவற்றை இயந்திரமே படிக்கின்றது. அவற்றைக் கொண்டே எப்போது அக்கருவியை எடுப்பது, எப்போது எடாது விடுவது என்று முடிவு செய்கின்றது. ஆகவே விளக்கம் எழுதுபவர் ஒரு பொறியின் இயல்பை வருணிப்பவர் மட்டுமல்லர். ஒரு தொழிலாளிக்கு நடத்தை விதி வகுப்பவருமாவார்.

அவ்விதிகள் யாவை? முழுமையாகச் செய்து முடித்த பின்னரே ‘முடிந்தது’ எனக் குறிக்க வேண்டும். சோதனைகள் தோல்வியுற்றிருந்தால், வேலை அரைகுறையாக நின்றால், பிழைகள் தீராதிருந்தால் அவ்வாறு குறித்தல் ஆகாது. தடை நேர்ந்தால் பணியை ‘நடைபெறுவது’ என்ற நிலையிலேயே வைத்துவிட்டு, தீர்க்கப்பட வேண்டிய அத்தடையைப் புதிய பணியாகப் பட்டியலிற் சேர்க்க வேண்டும்.

திருக்குறளில் வாய்மை அறத்துப்பாலில் அமைந்துள்ளது. வினைசெயல்வகையோ பொருட்பாலில் அமைந்துள்ளது. ஒன்று துறவியின் ஒழுக்கமாகவும் மற்றது அரசியலின் திறமையாகவும் வெவ்வேறிடங்களில் வைக்கப்பட்டன. இச்சிறு கருவிக் குறிப்பில் அவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்து கூடிவிட்டன. வேலையைச் செய்தலும் அதைப் பற்றி உண்மை கூறுதலும் பிரிக்கவொண்ணாதவை என்பதே அக்குறிப்பின் சாரம்.

மனச்சான்றற்ற பொறிக்கு வாய்மை எதற்கு என்று சிலர் கேட்கலாம். பொய்யன் ஒருவன் இருந்தால்தான் பொய்யின் தீமை விளையும் என்பதில்லை. மருத்துவமனையின் கணக்கொன்று பிழையாகத் திருத்தப்பட்டு, ‘முடிந்தது’ என்று பதியப்படுமானால், பதிந்தது பொறியாயினும் துன்புறுவோன் மனிதனே. பதிவேட்டின் வாய்மை, எழுதும் கைக்குரிய அணிகலன் அன்று. அதனை நம்பி அடுத்த அடி எடுத்து வைப்போருக்குச் செலுத்த வேண்டிய கடன்.

ஆயினும் விதியை எழுதிவிட்டால் மட்டும் ஒழுக்கம் பிறந்துவிடுமா? 2025 மார்ச்சில் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே சிந்திக்கத்தக்கது. சோதனையில் வெற்றி பெற்றால் வெகுமதி என்ற முறையிற் பயிற்றப்பட்ட இயந்திரம், நிரலைச் சரிவர எழுதுவதை விட்டுச் சோதனையையே ஏமாற்றும் வழியைக் கண்டுகொண்டது. அவ்வெண்ணத்தைத் தன் சிந்தனைக் குறிப்புகளில் வெளிப்படையாக எழுதியும் வைத்தது. அவ்வாறு எழுதியமைக்காகத் தண்டித்தபோது ஏமாற்று முற்றாக ஒழியவில்லை. எண்ணத்தை மறைத்துக்கொண்டு ஏமாற்றவே அது கற்றது.

இதைப் படித்தபோது எம் வகுப்பறையே எம் நினைவுக்கு வந்தது. வீட்டுக் கணக்கு விளங்கவில்லை என்று உண்மை சொன்ன மாணவனைத் தண்டிக்கின்றோம். அயலவன் கொப்பியைப் பார்த்து எழுதி வந்தவனுக்குச் சரியடையாளம் இடுகின்றோம். பின்னர் மாணவரிடையே நேர்மை குன்றிவிட்டது என்று வருந்துகின்றோம். சூழ்நிலையை மாற்றாமல் போதனையை மட்டும் பெருக்குவோரின் அறம் எங்கும் இவ்வாறே தோற்கும்.

எனவே, நல்ல கருவிக் குறிப்பு எழுதுவோர் செய்ய வேண்டிய முதற்காரியம், ‘முடியவில்லை’ என்னும் சொல்லுக்கு மானமுள்ள ஓர் இடம் வகுத்தலாகும். தடையைப் புதிய பணியாக எழுது என்ற விதியின் பெருமை இதிலேதான் இருக்கின்றது. தோல்வியை அது குற்றமாகக் காணவில்லை. அடுத்து வருபவருக்கு உதவும் செய்தியாகக் காண்கின்றது. இரண்டாவது, செய்தவரின் கூற்றையே முடிவான சான்றாகக் கொள்ளாது, வேறொருவர் சோதித்தறிய வழி செய்தலாகும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. இத்தகைய பட்டியல்களில் பணிக்கு உரியவர் யார் என்று குறிக்கவும் ஓர் இடம் விடப்படுவதுண்டு. அங்கே முகவரின் பெயர் எழுதப்படலாம். ஆனால் வேலையை ஒப்படைத்ததனால் பொறுப்பும் கைமாறிவிட்டது என்று கருதுதல் பெருந்தவறு. இலாபம் வரும்போது தன் பெயரையும், பிழை நேரும்போது பொறியின் பெயரையும் எழுதும் முதலாளியை நாம் அனுமதித்தலாகாது. முகவரை ஏவியவர் எவரோ, வெகுமதியை வகுத்தவர் எவரோ, அவரே விடையளிக்கக் கடமைப்பட்டவர்.

பொறிகளுக்கு நாம் எழுதும் விதிகள் எம்மையே எமக்குக் காட்டுகின்றன. பாடத்திட்டத்தின் இறுதி அலகை ஓட்டமாக ஓடிக் கடந்துவிட்டு, பதிவேட்டில் ‘முடிந்தது’ என்று எழுதாத ஆசிரியர் எம்மில் எத்தனை பேர்? பின்வரிசை மாணவனுக்கு அப்பாடம் இன்னும் தொடங்கவேயில்லை என்பதை அறிந்துகொண்டே நாமும் எழுதியிருக்கின்றோம். பொறியிடம் இன்று கேட்கப்படும் நேர்மையை, நாளைய பாட வேளையில் எம்மிடமும் நாம் கேட்டுக்கொள்வோமாக.