கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்கலாமா?

ஒருவர் தானாக முன்வந்து கொடுத்த அனுமதியை இருபத்திரண்டு வருஷம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா? சட்டம் பத்திரத்தை எடுத்து வரிவரியாகப் படித்து ஒரு பதில் சொல்லும். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு விளையாட்டின் கதையை வைத்து இதை யோசித்துப் பார்க்கிறேன்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். "பூட்டிய கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கடையில் விற்பது முக்கியமாகப் புத்தகங்கள்தான்: விதிகள், அரக்கர்களின் பட்டியல், ஆடுவதற்கான கதைகள்.

அதை முதலில் பதிப்பித்த டிஎஸ்ஆர் நிறுவனம் மற்றவர்கள் துணைநூல் போடுவதை விரும்பவில்லை. அப்படிப் போட்ட மேஃபேர் கேம்ஸ் நிறுவனத்தை 1990களில் நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1997-ல் டிஎஸ்ஆர் கடனில் மூழ்கியபோது விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அதை வாங்கியது. 1999-ல் விஸார்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது. அங்கே வேலை பார்த்த ரயன் டான்ஸி, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைப் பார்த்து ஒரு யோசனை சொன்னார். கதைப் புத்தகங்களில் லாபம் குறைவு. அதை மற்றவர்கள் எழுதட்டும். ஆடுகிறவர்கள் பெருகினால் அடிப்படை விதிநூல் நம்மிடம்தானே விற்கும்? 2000-ல் மூன்றாம் பதிப்போடு 'ஓப்பன் கேம் லைசென்ஸ்' வந்தது. விதிகளின் அடிப்படைப் பகுதியை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், காசு தர வேண்டாம், அனுமதி நிரந்தரம் என்றது அது.

அதை நம்பிப் பல சிறு பதிப்பகங்கள் முளைத்தன. 2008-ல் நான்காம் பதிப்பு வேறு, இறுக்கமான ஒப்பந்தத்தோடு வந்தது. பைஸோ நிறுவனம் பழைய அனுமதியின் பலத்தில், மூன்றாம் பதிப்பின் விதிகளையே செப்பனிட்டு 2009-ல் 'பாத்ஃபைண்டர்' என்று தனி விளையாட்டாகவே வெளியிட்டது. 2016-ல் ஐந்தாம் பதிப்பின் விதிகளையும் விஸார்ட்ஸ் அதே பழைய உரிமத்தில் திறந்துவிட்டது.

2023 ஜனவரியில் புதிய உரிமத்தின் வரைவு ஒன்று வெளியே கசிந்தது. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் வரை பங்கு தர வேண்டும். அதைவிடப் பெரிய இடி, பழைய உரிமம் இனி 'அங்கீகரிக்கப்பட்டது' அல்ல என்ற வாசகம். பழைய உரிமத்தில் 'நிரந்தரம்' என்ற சொல் இருந்தது. 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இல்லை. அந்த இடைவெளியில்தான் கை நுழைந்தது.

என்னோடு ஆடும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அவங்க சொத்து, அவங்க இஷ்டம். இதுல என்ன அநியாயம் சார்?" என்றார். அதைச் சுலபமாகத் தள்ள முடியாது. முதல் போட்டவர்கள் அவர்கள். அவர்கள் போட்ட அஸ்திவாரத்தில் மற்றவர்கள் லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறார்கள். ஒரு பங்கு கேட்டால் என்ன?

கேட்கலாம், புதிதாகக் கொடுப்பதற்கு. 2008-ல் அவர்கள் செய்தது அதுதான். இதோ புதிய பதிப்பு, இதோ நிபந்தனை, பிடித்தால் வா என்றார்கள். பலருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் யாரும் ஏமாற்றப்படவில்லை. முன்பே கொடுத்ததன் மேல் ஒருவன் பத்து வருஷ உழைப்பைக் கொட்டிய பிறகு, அதற்கு வாடகை கேட்பது வேறு. இந்த உரிமத்தை மாற்றினால் பிடிக்காதவர்கள் பழைய வடிவத்திலேயே தொடரலாம் என்று விஸார்ட்ஸே முன்பு தன் கேள்வி-பதில் விளக்கத்தில் சொல்லியிருந்தது. அந்தச் சொல்லை நம்பித்தான் கடனும் வாங்கினார்கள், ஆளும் வைத்தார்கள்.

இதற்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி விளையாட்டின் விதிமுறைக்குக் காப்புரிமை கிடையாது. அதை எழுதிய வாசகங்களுக்குத்தான் உண்டு. இருபது முகப் பகடையை உருட்டி எண்ணைக் கூட்டுவது யாருடைய சொத்தும் அல்ல. அப்படியானால் 2000-ல் விஸார்ட்ஸ் உண்மையில் எதைக் கொடுத்தது? கொஞ்சம் வாசகங்கள், கூடவே ஒரு நிம்மதி. 'உன் மேல் வழக்குப் போட மாட்டோம்' என்ற நிம்மதி. விதி எங்கே முடிகிறது, வாசகம் எங்கே தொடங்குகிறது என்று நீதிமன்றத்தில் வாதாடிப் பார்க்க இரண்டு பேர் நடத்தும் பதிப்பகத்துக்கு வசதி ஏது? ஜெயிக்கிற வழக்கிலும் அவர்கள் திவாலாகிவிடுவார்கள்.

சொத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கினால், இடையில் அனுபவித்த காலமாவது மிஞ்சும். நிம்மதி அப்படியல்ல. 'பயப்படாதே, நான் சொல்லும் வரை' என்றால் அது நிம்மதியே இல்லை, ஒத்திவைத்த பயம். திரும்ப வாங்கலாம் என்ற நினைப்பு கொடுத்தவர் மனதில் வந்த நாளிலிருந்து, முன்பு கொடுத்ததும் கொடுக்காததாக ஆகிவிடுகிறது. இந்த வகைக் கொடையைத் திரும்ப எடுப்பது தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். கூட்டம் கூட்டமாக இணையச் சந்தாவை ரத்து செய்தார்கள். ஜனவரி 27 அன்று விஸார்ட்ஸ் பின்வாங்கியது. பழைய உரிமத்தைத் தொடமாட்டோம் என்றது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் வெளியிட்டது. அதில் 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இருக்கிறது. உரிமத்தின் வாசகமும் விஸார்ட்ஸின் கையில் இல்லை. தன் மனம் நாளை மாறலாம் என்று அறிந்து இன்றே தன் கையைக் கட்டிக்கொள்வது. வாக்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் பைஸோ நிற்கவில்லை. 'ஓஆர்சி' என்ற தனி உரிமத்தை மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கி, பாத்ஃபைண்டரின் அடிப்படை நூல்களைத் திரும்ப எழுதியது. பழைய மூலத்திலிருந்து வந்த பெயர்கள், மந்திரப் பிரிவுகள், பாத்திரங்களின் நன்மை-தீமைப் பிரிவு எல்லாவற்றையும் நீக்கியது. சட்டப்படி அன்றைக்கு அதற்கு அவசியமே இல்லை. அனுமதி அப்படியே இருந்தது. "அதான் திருப்பிக் குடுத்துட்டாங்களே, அப்புறம் ஏன் இவ்வளவு சிரமம்?" என்று நண்பர் கேட்டார். அவர்கள் திருப்பிக் கொடுத்தது அனுமதியைத்தான் என்றேன்.