காதில் விழாத இரைச்சல்

வேல்ஸில் அபர்ஹோசன் என்றொரு சின்னக் கிராமம். 18 மாதங்களாகத் தினமும் காலை ஏழு மணி வாக்கில் ஊர் முழுக்க இன்டர்நெட் படுத்துவிடும். கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், சரியாகவில்லை. கடைசியில் இன்ஜினியர்கள் அளவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு காலை ஆறு மணிக்கே தெருத்தெருவாக நடந்தார்கள். ஏழு மணிக்குக் கருவி துள்ளியது. ஒரு வீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டிவியைப் போட்டிருந்தார்கள். அது உமிழ்ந்த மின்காந்த இரைச்சல்தான் ஊரையே முடக்கியிருக்கிறது. விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் கூசிப்போய், இனி அதைப் போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 2020 செப்டம்பரில் உலகமே இந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தது.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த மனிதர் எதற்காகக் கூச வேண்டும்? காலையில் டிவி பார்ப்பதில் என்ன தப்பு? அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, அலட்சியம்கூடக் கிடையாது. தன் டிவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை. மன்னிக்கலாம் என்றால் முதலில் ஒரு பிழை இருக்க வேண்டுமே. இருந்தும் 18 மாதங்கள் ஊர் அவதிப்பட்டது நிஜம். ஆள் இல்லாத தீங்கு என்று ஒன்று உண்டா?

எனக்கு இது சும்மா யோசித்துப் பார்க்கிற கேள்வி இல்லை. காரைக்காலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மென்பொருள்காரன் நான், பொழுதுபோக்குக்கு ஹாம் ரேடியோ. தேர்வு எழுதி, அரசிடம் உரிமமும் அழைப்புக் குறியும் வாங்கி, மொட்டைமாடியில் கம்பி கட்டி, முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற ஆட்கள் நாங்கள். நான் அதிகம் உட்காருவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 40 மீட்டர் பட்டை என்பார்கள். சாயங்காலம் நன்றாக இருந்தால் சின்ன ஆன்டெனாவிலேயே பல நூறு கிலோமீட்டர் தாண்டிக் குரல் வரும். வந்து என்ன பேசுவார்கள்? "உங்க சிக்னல் அஞ்சு ஒம்போது, இங்க நல்ல மழை." அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் மீது எனக்குத் தீராத காதல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பட்டையில் ஒரு கரகரப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ரேடியோவில் சிக்னலைக் காட்டும் முள் எப்போதும் பாதிக்கு மேலேயே நின்றது. பலமான நிலையங்கள் அதைத் தாண்டிக் கேட்கும், மெலிந்த குரல்கள் மூழ்கிவிடும். ஊர்க் காரணம் ஒன்று இங்கே எப்போதும் உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு மின்கம்பத்துப் பீங்கான்கள் மேல் படியும், விடியற்காலைப் பனியில் அது நனைந்தால் மின்சாரம் பொறிப்பொறியாகக் கசியும். நொடிக்கு 100 தடவை அடிக்கிற கனத்த 'ர்ர்ர்' சத்தம் அது. ஒரு நல்ல மழை பெய்து பீங்கானைக் கழுவிவிட்டால் போய்விடும். இது அப்படிப் போகவில்லை. மேலே கீழே டியூன் செய்தால் சீரான இடைவெளியில் வேலிக் கம்பு மாதிரி திரும்பத் திரும்ப வந்தது. அப்படியென்றால் யாரோ வீட்டு அடாப்டர்.

பழைய குண்டு பல்ப் மின்சாரத்தை வாங்கி அப்படியே எரித்தது. எல்.இ.டி. விளக்கு, போன் சார்ஜர், ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை, சில நேரம் லட்சம் தடவைக்கு மேலும், வெட்டி வெட்டித் தங்களுக்கு வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்கின்றன. கரண்ட் மிச்சமாகும், எடையும் விலையும் குறையும். ஆனால் ஒவ்வொரு வெட்டும் ஒரு கூர்மையான விளிம்பு. அதன் மடங்குகள் மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஏறிப்போகும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒயர்களே அதற்கு ஆன்டெனா. ஒரு அடாப்டர் செய்வது சின்னச் சத்தம்தான், தெருவில் நூறு இருந்தால்தான் பிரச்சினை. நூறில் எது குற்றவாளி?

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது, அந்த முறைக்குள்ளேயே ஒரு நியாயமும் இருக்கிறது. ரேடியோவை பேட்டரியில் போட்டுவிட்டு முதலில் உங்கள் வீட்டு மெயினை அணைக்க வேண்டும். சத்தம் நின்றால் திருடன் வீட்டுக்குள்ளேதான். பிறகு பாதி பிரேக்கரைப் போட்டு, அதில் பாதியை அணைத்து, எங்கள் தொழிலில் பக் தேடுவது போலப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போகலாம். நிற்கவில்லை என்றால் மட்டுமே தெருவில் இறங்கும் உரிமை. வெளியே கையடக்க மீடியம் வேவ் ரேடியோ போதும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ரேடியோவைச் சுற்றித் திருப்பினால் ஒரு திசையில் சட்டென்று அடங்கும். அப்போது உள்ளே இருக்கிற ஃபெரைட் கம்பி சத்தம் வரும் இடத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு இடத்தில் நின்று பார்த்தால் கோடுகள் வெட்டிக்கொள்ளும். இரவு ஒன்பது மணிக்குக் கரகரக்கும் ரேடியோவை ஆட்டிக்கொண்டு தெருவில் நடப்பவனை நாய்கள் விடுவதில்லை என்பது தனிக் கதை.

என் கோடுகள் வெட்டிக்கொண்டது நாலு வீடு தள்ளி, தனியாக இருக்கும் ஒரு பெரியம்மா வீட்டில். மகன் பிரான்சில். காரைக்காலில் இதுவொன்றும் அதிசயமில்லை, பிரெஞ்சு பாஸ்போர்ட்டும் பிரெஞ்சு பென்ஷனும் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இருக்கும். மகன் போன தடவை வந்தபோது கூடத்தில் ஒரு கேமரா வைத்துவிட்டுப் போயிருந்தார். அதன் அடாப்டரைப் பிடுங்கினால் என் கையிலிருந்த ரேடியோ அமைதியானது.

"ஏந் தம்பி, அதைப் புடுங்கிட்டா அவன் பதறிடுவானே. அங்கேருந்து பாத்துக்கிட்டே இருப்பான்."

"ரெண்டு நிமிஷம்தான் பெரியம்மா. இதனால என் ரேடியோவுல சத்தம் வருது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

உண்மை. அவருக்கு எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் கேட்காது. அவருடைய மகன் கடல் தாண்டி அம்மாவைப் பார்க்கும் கருவி, நான் கடல் தாண்டி யாரையோ கேட்கும் கருவியை மூடிக்கொண்டிருந்தது. இரண்டையும் தராசில் வைத்தால் எது கனம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பையிலிருந்த நல்ல அடாப்டரை மாட்டிவிட்டு அவருடையதை எடுத்துக்கொண்டேன். காசு வேண்டாம் என்றதும்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. "இது ஜாஸ்தி கரண்ட் இழுக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வீட்டுக்கு வந்து பழையதை உடைத்துப் பார்த்தேன். பலகையில் மின்சாரம் நுழையும் இடத்தில் சுருள் ஒன்றுக்கும் கெப்பாசிட்டருக்கும் இடம் வரைந்து, எண் அச்சடித்து, துளையும் போட்டிருந்தது. பொருள் மட்டும் இல்லை. சுருள் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு துண்டுக் கம்பியை வைத்து ஈயம் பற்றியிருந்தார்கள். மலிவு அடாப்டர்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. இரைச்சலைத் தடுக்க அந்த வடிகட்டி வேண்டும் என்று வடிவமைத்தவருக்குத் தெரியும், அதனால்தான் இடம் விட்டிருக்கிறார். பிறகு யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள்: ஒன்றுக்குச் சில ரூபாய், லட்சம் அடாப்டருக்கு எவ்வளவு என்று. வடிகட்டி இல்லாமலும் கேமரா ஓடும், வாங்குகிறவருக்கு வித்தியாசமே தெரியாது.

ஆள் இல்லாத தீங்கு என்று நினைத்ததற்கு இப்படி ஓர் ஆள் கிடைக்கிறார். பெரியம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் செய்தது நானில்லை. தெரிந்தும் செய்தவர் அந்த இரண்டு கம்பித் துண்டுகளுக்குப் பின்னால் முகமில்லாமல் இருக்கிறார். நுகர்வோர் என்ற முறையில் நமக்கும் பங்கு உண்டு என்று உடனே சொல்லிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் பங்கு என்றால் யாருக்கும் பங்கில்லை என்றாகிவிடும். அவர் மிச்சம் பிடித்த சில ரூபாயின் செலவைக் கடைசியில் கட்டியது யார்? சத்தம் காதில் விழுந்தவன். தேடுவதும், கதவைத் தட்டுவதும், புது அடாப்டர் வாங்குவதும் கேட்கிறவன் தலையில். இது அநியாயம்தான். ஆனாலும் பெரியம்மாவிடம் என் உரிமையைப் பேசுவதைவிட இது மேல் என்றுதான் அன்றும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

பொழுதுபோக்குக்காக இவ்வளவா என்று நண்பர்கள் கேட்பார்கள். பதிலாக ஹாம்கள் எல்லோரும் 2004-ஐ எடுப்போம். அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் ஒரு ஹாம் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். 26-ஆம் தேதி சுனாமியில் தொலைபேசி செத்துப்போன தீவிலிருந்து, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியை அவருடைய ரேடியோதான் நிலப்பகுதிக்குக் கொண்டுவந்தது. அதே காலையில் அதே கடல்தான் எங்கள் காரைக்கால்மேட்டுக்கும் கிளிஞ்சல்மேட்டுக்கும் ஏறி வந்தது. பலமான வாதம். ஆனால் என் மாலைநேர அரட்டைக்காக அந்தச் சாவுகளைச் சாட்சிக்கு இழுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவசரத்துக்கு உதவும் என்பதால் மட்டும்தான் அமைதிக்கு மதிப்பு என்றால், உதவாத நாளெல்லாம் அதை யார் வேண்டுமானாலும் குப்பைமேடு ஆக்கலாமா? குளத்தில் தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கலாம், அதற்காகவா குளம்? இன்னொன்றும் உண்டு. ஆற்றில் சாயம் கலந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். இரைச்சலில் மூழ்கிப்போன குரல் தடயமே விடாது. நேற்று யாராவது கூப்பிட்டார்களா என்று எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை.

மாங்கனித் திருவிழா சமயத்தில் சீரியல் லைட்டுகள் பட்டையை முழுசாக விழுங்கிவிடும். அதை நான் தேடிப் போவதில்லை. சில நாள் விஷயம், ஊர் சந்தோஷம்.

இப்போது மிச்சமிருப்பது ஒரு சோலார் இன்வெர்ட்டர், பின் தெரு மாடியில். வெயில் ஏறும்போது தொடங்கி, மேகம் வந்தால் தயங்கி, பொழுது சாயும்போது அடங்குகிறது. வீட்டுக்கார அண்ணன் பொறுமையாகக் கேட்டார், காபியும் கொடுத்தார். கடைசியில், "தம்பி, கரண்ட் பில்லு பாதியாயிடுச்சு. இதுல தப்புன்னு என்ன இருக்கு?" என்றார். தப்பு எதுவும் இல்லை. அதற்கு வடிகட்டி போடுவது அடாப்டர் மாற்றுவது மாதிரி இல்லை. ஆள் வர வேண்டும், செலவும் பெரிது. அதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானே போட்டுத்தருகிறேன் என்று சொல்லவும் இந்த மாதம் கையில் காசில்லை. பொழுது சாய்ந்த பிறகு ரேடியோவைத் திறக்கிறேன்.