தெருக்குழாயும் மேடைப் பேச்சும்

மேடைப் பேச்சுப் பயிற்சி தருபவர்கள் பெரும்பாலும் குரலில்தான் தொடங்குவார்கள். ஏற்ற இறக்கம், கையசைவு, கண்ணாடி முன் ஒத்திகை. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கவலைதான் மேடைப் பயத்தின் வேர். கண்ணாடி அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறது. சொல்லியே தீரவேண்டிய ஒரு சங்கதி இருந்தால் அந்தக் கவலை தானாகப் பின்னுக்குப் போய்விடும்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இதைப் பார்க்கலாம். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக அரசு தொடங்கிய முயற்சி அது. பேச்சு சேமிப்பையும் கடனையும் பற்றித்தான். ஆனால் 12 முதல் 20 பேர் வட்டமாக உட்கார்ந்து, இந்த முறை கடன் யாருக்கு என்று முடிவெடுத்தாக வேண்டும். மகளின் கல்லூரிக் கட்டணமா, பக்கத்து வீட்டுக்காரரின் ஆஸ்பத்திரிச் செலவா? வாயைத் திறக்காதவரின் தேவை யாருக்கும் தெரியாது. எதிரே இருப்பவை பழகிய முகங்கள் என்பதால், திக்கினாலும் பொறுத்துக்கொள்வார்கள். நாளடைவில் பேச்சு கடனைத் தாண்டித் தெருக்குழாய்க்கும் சாராயக் கடைக்கும் போகும்.

அடுத்த படி கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு கூட்ட நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் இப்போது சேர்ந்திருக்கின்றன. ஊராட்சியின் வாக்காளர் எவரும் பேசலாம். சட்டம் அப்படிச் சொல்கிறது. ஊர் அவ்வளவு எளிதில் விடாது. தலைவர் சொந்தக்காரராக இருப்பார், அல்லது கேட்பவர் கூலிக்குப் போகும் நிலத்தின் உடைமையாளராக இருப்பார். "யாருக்கும் இல்லாத அக்கறை உனக்கென்ன?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

அந்த இடத்தில் துணிச்சலைவிடத் தகவல்தான் கைகொடுக்கும். "தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்" என்றால், "ஆவன செய்கிறோம்" என்ற பதிலோடு முடிந்துவிடும். "மேலத்தெருவில் பத்து நாளாகத் தண்ணீர் இல்லை. மோட்டார் பழுதுபார்த்த செலவு எவ்வளவு என்று வரவு செலவுக் கணக்கில் வாசியுங்கள்" என்று கேட்டால், ஊராட்சிச் செயலர் பதிவேட்டைப் புரட்டியாக வேண்டும். குரல் நடுங்கினால்கூட அந்தக் கேள்வி நடுங்காது. பின்வரிசைக்காரருக்கும் அதே குழாய்தானே!

பட்டிமன்றமும் நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. கொடுத்த அணிக்காக வாதாடும்போது எதிர்த்தரப்பை ஊகிக்கும் பழக்கம் வரும். ஆனால் அங்கே கைதட்டலோடு கணக்கு தீர்ந்துவிடுகிறது. தோற்ற அணிக்குத் தண்ணீர் நிற்பதில்லை.

கிராம சபையில் புதிதாகப் பேசுபவர்கள் தங்கள் கேள்வி முடிந்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பழகியவர்கள் இன்னொரு முறை எழுவார்கள்: கையெழுத்து வாங்குவதற்கு முன், குழாய் பற்றிய தீர்மானத்தை எழுதியபடியே வாசிக்கச் சொல்லி.